பட்டறைப் பக்கம்: மூக்கைச் செய்யுங்கள், வால்வை விடுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெல்டிங் டொர்ச் பற்றியவை, வெளிச்சம் அடிக்கிற டொர்ச் இல்லை. வீட்டுப் பின்புறத்தில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, ஓய்வு நேரத்தில் ஒட்டிப் பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் சின்ன டொர்ச். 2022 இல் டொலர் இல்லாமல் சாமான் வராமல் நின்றபோது உடைந்ததை நாமே செய்து போட்டுப் பழகினோம். கடையில் சாமான் மறுபடி வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. நல்லதுதான். எந்தப் பாகத்தில் கை வைக்கலாம் என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் வழக்கு. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

“ஐயா, பழைய டொர்ச் ஒன்று வாங்கினேன். ஒக்சிஜனும் சமையல் கேஸும் போட்டு ஓட்டுவது. நொசில் (சுடர் வரும் மூக்கு) துளை பெருத்துவிட்டது, சுடர் ஒரு பக்கமாகச் சாய்கிறது. மண்ணெண்ணெய் அடுப்பு ஊசியால் குத்திக் குத்திச் சுத்தம் பண்ணியதால் இருக்கலாம். அதே அளவு நொசில் ஹட்டனில் தேடியும் இல்லை. மச்சானிடம் லேத் (கடைசல் மெசின்) இருக்கிறது. மின்சாரத்துக்கு நிலத்தில் அடிக்கிற எர்த் ரொட் ஒன்றும் கிடக்கிறது, அது செம்புதானே? கடைந்து போடலாமா?” (பொகவந்தலாவை)

செய்யலாம் தம்பி. எர்த் ரொட்டில் மட்டும் வேண்டாம். கடையில் விற்கிற எர்த் ரொட் பெரும்பாலும் உள்ளே உருக்கு, மேலே செம்புத் தோல். இரண்டு தடவை கடைந்ததும் வெள்ளை தெரியும். பழைய சுவிட்ச் போர்டில் கழற்றிய பஸ்பார், அதாவது தடித்த செம்புப் பட்டை, கிடைத்தால் அதுதான் பொன். தொழிற்சாலைகளில் போர்டு மாற்றும்போது பழைய இரும்புக்காரரிடம் போகும். ஒரு சாண் துண்டு கேட்டு வாங்குங்கள்.

பித்தளையிலேயே கடையலாமே, சுலபமாச்சே என்று மச்சான் சொல்வார். சொல்வதில் நியாயம் உண்டு, பித்தளை வெண்ணெய் மாதிரிக் கடையும். ஆனால் ஒக்சிஜன் கலந்த கேஸ் சுடர் சுமார் 2,800 பாகை செல்சியஸ். செம்பே 1,085 இல் உருகிவிடும், பித்தளை அதற்கும் கீழே. அப்படியிருந்தும் நொசில் உருகாமல் நிற்பது, செம்பு வாங்குகிற சூட்டை உடனே பின்னால் கடத்திவிடுவதாலும் உள்ளே ஓடும் வாயு குளிர்விப்பதாலும்தான். பித்தளை சூட்டைக் கடத்துவது செம்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பித்தளை நொசிலோடு மூலைக்குள் நின்று ஒட்டிப் பாருங்கள், பத்து நிமிசத்தில் டப் டப் என்று வெடிக்க ஆரம்பிக்கும்.

கடைவதில் கஷ்டம் ஒன்றே ஒன்று: சின்னத் துளை. முதலில் பின்பக்கமிருந்து பெரிய ட்ரில் பிட்டால் முக்கால்வாசி போங்கள். முன்னால் மிச்சமிருக்கிற சின்னத் துளையின் நீளம், பழைய நொசிலில் எவ்வளவோ அவ்வளவே இருக்க வேண்டும். அந்தச் சின்னத் துளைக்கு, உங்களுடையது 0.8 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், லேத்தின் மெதுவான வேகம் போதாது. ஆயிரம் சுற்றில் 0.8 பிட்டைச் செம்புக்குள் தள்ளினால் பிட் முறிந்து உள்ளேயே சமாதியாகிவிடும். என்னிடம் அப்படி ஐந்தாறு சமாதி இருக்கிறது. வேகமாகச் சுற்றும் கைப்பிடி ட்ரில்லைத் தாங்கியில் பூட்டி, அரை மில்லிமீற்றர் போய் வெளியே எடுத்து, துகளைத் தட்டி, மறுபடி போக வேண்டும். பொறுமை இல்லாதவர் காலையில் செய்யட்டும், தேத்தண்ணிக்கு முன்னால் வேண்டாம். வெட்டுவதற்கு எண்ணெய் விடாதீர்கள். பழைய கடைசல்காரர்கள் செம்புக்குப் பால் விடுவார்கள், நன்றாகவே வெட்டும். எண்ணெயை ஏன் ஒதுக்கச் சொல்கிறேன் என்பது அடுத்த கேள்வியில் வரும்.

துளை ஒரு நூல் பெரிதானால் என்ன என்று கேட்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருசம் அதைத்தான் கேட்டேன். தேயிலை காயவைக்கிற ட்ரையரின் அடித்தகடு ஒன்றைச் சூடாக்க வேண்டியிருந்தது. சுடர் போதவில்லையென்று நொசிலை ஒரு மில்லிமீற்றர் பிட்டால் பெருக்கினேன். சுடர் வந்தது, பெரிசாகவும் வந்தது. ஐந்து நிமிசத்தில் வெளியே இருந்த சுடர் காணாமல் போய், டொர்ச்சுக்குள் பன்றிக்குட்டி கத்துவதுபோல ஒரு கீச்சல். எனக்கு என்னவென்று புரியவில்லை, கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பெரிய பாஸ் ஓடி வந்து ஒக்சிஜனை முதலில் மூடி, அடுத்து கேஸை மூடினார். மூடிவிட்டு என் காதைப் பிடித்துத் திருகினார். கலவைக் குழாய் உள்ளே உருகி வழிந்திருந்தது. விசயம் இதுதான்: வாயு துளையால் வெளியேறும் வேகம், சுடர் பின்னோக்கி எரியும் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். துளையைப் பெருக்கி அமுக்கத்தை அப்படியே விட்டால் வாயு சோம்பேறியாகிறது, சுடர் உள்ளே நடக்கிறது. அந்த எரிந்த நொசில் இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது.

இன்னொன்று, உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் “இரும்பு மட்டும் சரியாக ஒட்ட மாட்டேங்குது” என்று போட்டிருக்கிறீர்கள். அது நொசிலின் குற்றமில்லை. சமையல் கேஸ் சுடரில் பித்தளை ஒட்டு, வெள்ளி ஒட்டு, சூடாக்கல், வெட்டல் எல்லாம் நடக்கும். இரும்போடு இரும்பை உருக்கிச் சேர்க்க அசெட்டிலின் வாயுச் சுடர்தான் தோது. புது நொசில் போட்ட பிறகும் அது மாறாது, மச்சானைத் திட்டாதீர்கள்.

“டொர்ச்சில் வாயுவைத் திறந்து மூடுகிற திருகு இறுக்கமாக இருந்தது. தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன், இப்போது லேசாகத் திரும்புகிறது. ஆனால் தண்டுப் பக்கம் கேஸ் மணக்கிறது. சைக்கிள் டியூப்பில் வாசர் வெட்டிப் போடலாமா? பித்தளையில் சின்னச் சின்ன நகை செய்கிறேன்.” (வெலிமடை, வாசகி)

தங்கச்சி, இதை வாசித்ததும் டொர்ச்சை எடுத்து ஒரு பக்கம் வையுங்கள். எந்தத் திருகு என்று நீங்கள் எழுதவில்லை. ஒக்சிஜன் பக்கத் திருகாக இருந்தால், அமுக்கத்தில் வரும் ஒக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் நெருப்புக்குச்சி தேவையில்லை, தானாகவே பற்றும். தேங்காயெண்ணெய், கிறீஸ், தையல் மெசின் எண்ணெய், தலைக்குப் பூசிய கையில் மிச்சமிருக்கிற எண்ணெய், எல்லாம் ஒன்றுதான். கேஸ் பக்கத் திருகாக இருந்தாலும் இரண்டு திருகுக்கும் நடுவில் இரண்டு விரல்தான் தூரம். ஒக்சிஜன் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து முழுதாகக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். மலிவான டொர்ச் என்றால் புதிது வாங்குவது உத்தமம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சைக்கிள் டியூப்பும் வேண்டாம். சமையல் கேஸ் பட்டால் சாதாரண இறப்பர் ஊதிப்போய், பிறகு பிசுபிசுத்துவிடும். கேஸ் பக்கத்துக்கு நைட்ரில் இறப்பர் வளையம், நைட்ரில் ஓ ரிங் என்று கேட்டு வாங்குங்கள். ஒக்சிஜன் பக்கத்துக்கு அந்த டொர்ச்சுக்கென்றே வருவதைத் தவிர வேறொன்றும் போடாதீர்கள்.

தண்டில் கசிவு வந்தால் பெரும்பாலும் சாமானே தேவைப்படாது. திருகுக்குக் கீழே தண்டைச் சுற்றி ஒரு சின்ன நட் இருக்கும். அதைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், உள்ளே உள்ள வெள்ளை வளையம் நசிந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும். இறுக்கிய பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து தடவுங்கள், குமிழி வராவிட்டால் சரி. கட்டிச் சவுக்காரத்தைக் கரைத்துப் பூசுகிற பழக்கம் இருக்கிறது, அதில் கொழுப்பு உண்டு, விட்டுவிடுங்கள். நெருப்புக்குச்சி காட்டிக் கசிவு பார்க்கிறவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

திருகு ஏன் இறுகியது தெரியுமா? மூடும்போது தண்ணிப் பைப் மூடுகிற மாதிரி முறுக்கியிருப்பீர்கள். ஊசிமுனை போய் அதன் இருக்கையில் பள்ளம் போட்டுவிடும். இரண்டு விரலால் மூடி நின்றால் போதும்.

இங்கேதான் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டொர்ச்சில் இரண்டு வாயுவும் கலக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கிற நொசில், வெளியே இருக்கிற கைப்பிடி உறை, தாங்கி, கொக்கி, ஸ்பானர், இவற்றைச் செய்யுங்கள், உடையுங்கள், மறுபடி செய்யுங்கள். அதற்குப் பின்னால் இருக்கிற வால்வு, ஹோஸ், ரெகுலேற்றர், சுடர் தடுப்பான், இவற்றைக் கடையில் வாங்குங்கள். சுடர் தடுப்பான் இரண்டு சிலிண்டருக்கும் வேண்டும். “ஒன்று போதும் ஐயா, கேஸுக்கு மட்டும்” என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். போதாது.

“பழைய அசெட்டிலின் செட் ஒன்று கிடைத்திருக்கிறது. ஹோஸ் வெடித்திருக்கிறது. ஏசி வேலைக்காரர் மிச்சம் வைத்துப்போன செம்புக் குழாய் உண்டு. சிலிண்டரிலிருந்து டொர்ச் வரைக்கும் அதை இழுத்தால் எலியும் கடிக்காதே?” (கொட்டகலை)

எலி கடிக்காது. வெறும் செம்பில் அசெட்டிலின் நின்றால் உட்சுவரில் ஒரு படிவு கட்டும். காய்ந்த பிறகு ஒரு தட்டு, ஓர் உரசல் போதும், வெடிக்கும். அதனால்தான் அசெட்டிலின் பாதையில் போடுகிற பித்தளையில்கூடச் செம்பு 65, 70 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அப்படியானால் நொசில் மட்டும் செம்பில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நொசிலுக்குள் அது ஒக்சிஜனோடு கலந்து ஒரு நொடியில் ஓடிப்போய்விடுகிறது, தங்குவதில்லை. குழாயில் தங்கும்.

அமுக்கமும் கவனம். அசெட்டிலினை 15 பி.எஸ்.ஐ. க்கு மேல் ஏற்றக்கூடாது. அதற்கு மேலே போனால் ஒக்சிஜன் இல்லாமலே தானாகச் சிதறக்கூடிய வாயு அது.

ஒரு பழைய ஞாபகம். நான் சேர்ந்த காலத்தில் சிலிண்டர் வருவது குறைவு. வேர்க்‌ஷொப்புக்கு வெளியே ஒரு தொட்டி இருந்தது, காபைட்டுக் கல்லைப் போட்டுத் தண்ணீர் விட்டு அசெட்டிலின் எடுப்போம். மிஞ்சுகிற வெள்ளைச் சேறு சுண்ணாம்புதான். அதைக் காயவைத்து தோட்டத்து லய வீட்டுச் சுவருக்கு அடிப்பார்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் அந்தச் சேற்றுக்கு அடிபிடி.

“டொர்ச்சில் ஹோஸைப் பூட்டுகிற நட் இரண்டு சுற்றுப் போகிறது, பிறகு இறுகிவிடுகிறது. நூல் கெட்டுவிட்டதா? டெப்லோன் டேப் சுற்றிப் போடட்டுமா?” (மஸ்கெலியா)

நூல் கெடவில்லை, நூல் வேறு. இங்கிலாந்து முறை டொர்ச்சில் ஹோஸ் நட் முக்கால்வாசி 3/8 பி.எஸ்.பி. என்கிற இங்கிலாந்துக் குழாய் அளவு, அதாவது அங்குலத்துக்கு 19 நூல், வெளிவிட்டம் 16.66 மில்லிமீற்றர். சீன டொர்ச் பலதில் எம் 16, அதாவது 16 மில்லிமீற்றர் விட்டம், நூலுக்கு நூல் 1.5 மில்லிமீற்றர். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். இரண்டு சுற்றுப் போய்க் கடிக்கும். ஸ்பானர் போட்டு முறுக்கினால் ஏறவும் ஏறும், கசியவும் செய்யும். கேஸ் பக்கம் இடப்புரி என்பதையும் மறக்க வேண்டாம், நட்டின் மூலைகளில் வெட்டு இருந்தால் அது கேஸ்.

டேப் சுற்றாதீர்கள். இந்த நட்டில் வாயுவை அடைப்பது நூலில்லை, உள்ளே இருக்கிற சாய்வு முகம் இன்னொரு முகத்தில் உட்காருவதுதான். டேப் துணுக்கு உள்ளே போனால் வால்வை அடைக்கும். நட்டை மட்டும் கடைந்துகொள்ள ஆசையென்றால், அது வாயுவைத் தொடாத பாகம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் இப்போது வரும் குட்டி லேத்துகள் பலதில் 19 நூல் வெட்ட கியர் இருக்காது. தோட்டத் தொழிற்சாலைகளில் கிடக்கிற பழைய இங்கிலாந்து லேத்தில் வெட்டலாம். இடப்புரிக்கு வெட்டும் டூலை, வேலையைப் பிடிக்கிற சக்கிலிருந்து வெளிப்பக்கமாக ஓட்ட வேண்டும். ஹோஸ் முனையை நெரித்துப் பூட்டுகிற வளையத்தால் பூட்டுங்கள், திருகாணிக் கிளிப்பால் வேண்டாம். சிவப்பு அசெட்டிலின் ஹோஸைச் சமையல் கேஸுக்கு மாற்றவும் வேண்டாம், அதன் இறப்பர் இந்த கேஸுக்குச் செய்ததில்லை.

“காலையில் சுடர் சோர்ந்துபோகிறது. நொசிலை மூன்று தடவை சுத்தம் செய்துவிட்டேன்.” (நுவரெலியா)

நொசிலை விடுங்கள், சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். பனிக்கட்டி மாதிரி இருக்கும். உள்ளே திரவமாக இருப்பது ஆவியானால்தான் கேஸ். ஆவியாகும்போது சிலிண்டரையே குளிராக்கும். கலவையில் உள்ள புரொப்பேன் -42 பாகையிலேயே கொதிக்கும், பியூட்டேன் -0.5 இல்தான் கொதிக்கும். தை மாதத்து விடியலில் உங்கள் ஊரில் புல் வெளுத்துக் கிடக்கும்போது பியூட்டேன் போர்வைக்குள்ளேயே படுத்திருக்கும், புரொப்பேன் மட்டும் வேலைக்கு வரும். சிலிண்டரை வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் நிறுத்துங்கள், கை பொறுக்கிற சூடு போதும். சுடரால் சிலிண்டரைச் சூடாக்கினதாக ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார், அவருக்குத் தனியாக எழுதினேன்.

ஒக்சிஜன் இல்லாமல் வெறும் காற்றை இழுத்து எரிகிற பர்னர் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்று கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிவு. அந்த மாதிரிப் பர்னருக்கு ஜெட், அதாவது கேஸ் பீறிடும் சின்னத் துளை, வேண்டுமென்றால் மிக் வெல்டிங் மெசினில் கம்பி வெளிவருகிற டிப் வாங்குங்கள். 0.6 கம்பிக்கான டிப், செம்பு, நேரான துளை, கடைவதைவிட மலிவு. குளிருக்குக் கதவு, யன்னல் மூடி ஒட்டாதீர்கள். இந்த கேஸ் காற்றைவிடப் பாரம், தரையோடு படுத்து நிற்கும்.

“டிக் மெசின் வாங்கினேன், டபிள்யூ பி 17 டொர்ச். கொலெட் முறிந்துவிட்டது, வெள்ளைக் கப்பும் வெடித்துவிட்டது. இரண்டையும் செய்ய முடியுமா?” (பதுளை)

டிக் என்பது டங்ஸ்டன் ஊசியிலிருந்து மின்பொறி விட்டு ஒட்டுவது. இதில் எரியும் வாயு இல்லை, ஒக்சிஜனும் இல்லை, ஆர்கன் மட்டும். அதனால் மேலே சொன்ன கெடுபிடி தேவையில்லை, மின்சாரத்துக்கு மட்டும் பயப்படுங்கள். டங்ஸ்டனைக் கவ்விப் பிடிக்கிற கொலெட்டைச் செம்புக் கம்பியில் கடையலாம். பழையதை அளந்து, 2.4 டங்ஸ்டன் என்றால் அது வழுக்கிப் போகிற அளவுக்குத் துளை போட்டு, முனையில் தட்டார் வாளால் நாலு வெட்டு. செய்யும்போது செம்பைச் சிவக்கச் சூடாக்காதீர்கள், சூடாக்கினால் மென்மையாகிப் பிடிமானம் போய்விடும். உங்களுடையது முறிந்ததற்குக் காரணம் பின்மூடியை அளவுக்கு மேல் முறுக்கியது, வேறில்லை. வாங்குவதென்றால் 10 என் 24 என்று கேளுங்கள், 2.4 க்கு அதுதான் இலக்கம்.

ஆர்கன் வெளிவரும் முன்மூக்கான கப் அலுமினாப் பீங்கான், அதை நாம் செய்ய முடியாது. கப்பின் இலக்கம், வாய் விட்டம் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்தால் எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது, 6 என்றால் 9.5 மில்லிமீற்றர். ஒட்டி முடித்ததும் சூட்டோடு ஈரமேசையில் வைப்பதால்தான் வெடிக்கிறது, நம் ஊர் மழைக்காலத்தில் மேசை எப்போதும் ஈரம். ஒரு மரத்துண்டில் துளை போட்டுத் தாங்கி செய்யுங்கள்.

பின்மூடியைப் பித்தளையில் அழகாகக் கடைந்த ஒருவரை எனக்குத் தெரியும். அது மின்சாரம் உள்ள பாகம், பிளாஸ்டிக்கில் இருப்பதே அதற்குத்தான். அழகு ஒரு நாள் நின்றது. மூடியின் ஓ ரிங் இல்லாமலும் ஓட்டாதீர்கள், காற்றை இழுத்து டங்ஸ்டன் நீலம் பாயும். சிவப்பு முனை டங்ஸ்டனில் தோரியம் உண்டு, தீட்டும் தூசி நெஞ்சுக்கு ஆகாது, பொன்நிறமோ நீலமோ வாங்குங்கள்.

“நொசில் துளைக்கு கிட்டார் கம்பி நல்லது என்கிறார்களே?” (பண்டாரவளை)

நல்லது. மெல்லிய முதல் கம்பி பத்து இலக்கம் என்றால் 0.25 மில்லிமீற்றர், அடுத்தது 0.33. துளையைவிட மெல்லியதாக எடுத்து, நேராக உள்ளே விட்டு நேராக இழுங்கள், சுழற்ற வேண்டாம். சுற்றுக் கம்பி போட்ட தடித்த தந்திகள் அரம் மாதிரி அராவும், அவை வேண்டாம். செம்புக் கறை கடினமாக ஒட்டியிருந்தால் நொசிலை மட்டும் கழற்றிப் புளிக்கரைசலில் ஓர் இரவு போட்டு, வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். கம்ப்ரஷர் காற்றால் ஊதாதீர்கள், அதில் எண்ணெய் வரும். கிட்டார் மகனுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய கம்பியில் கை எண்ணெய் ஊறியிருக்கும், புதிதாக ஒன்று வாங்குங்கள். மகனும் கோபிக்க மாட்டான்.